மூன்றாம் ஆண்டுப் படத்தையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஜூலை மாதம் முழுவதும் தங்கள் நாளிதழின் சென்னைப் பக்கத்தில் சேவைச் சங்கங்களின் பதவியேற்பு விழாப் படங்கள் நாள் தவறாமல் வெளிவந்தன. கழுத்தில் பதவிப் பதக்கமும் மாலையுமாகப் புதிய தலைவர், இருபுறமும் சால்வையுடன் முன்னாள் தலைவர்கள், முன்வரிசையில் தையல் இயந்திரத்தின் மீது கை வைத்துக் கூச்சத்தோடு நிற்கும் ஒரு பெண் என்று, பேட்டையும் பெயரும் மாறினாலும் படம் மாறுவதே இல்லை. அவற்றுள் ஒரு படத்தில் இரண்டாம் வரிசையில் இடமிருந்து மூன்றாவதாக நிற்பவள் நான். ஆகவே, இதை வெளியில் நின்று குறை சொல்பவர் எழுதிய கடிதம் என்று கொள்ள வேண்டாம். பதினெட்டு ஆண்டுகளாக ஒரு சங்கத்தில் உறுப்பினராக இருக்கிறேன். இரண்டு முறை செயலாளராகவும் ஒரு முறை பொருளாளராகவும் இருந்திருக்கிறேன். எங்கள் சங்கம் ரோட்டரியா, அரிமாவா என்பதை இங்கே எழுதப் போவதில்லை. நான் சொல்ல வரும் குறை எந்த ஒரு சங்கத்துக்கும் தனிச் சொத்து அன்று.

இச்சங்கங்களின் நடைமுறையை அறியாத வாசகர்களுக்காகச் சில வரிகள். எங்கள் ஆண்டு ஜூலை 1 அன்று தொடங்கி ஜூன் 30 அன்று முடிகிறது. தலைவர், செயலாளர், பொருளாளர், மேலே, பல சங்கங்கள் சேர்ந்த சங்க மாவட்டத்துக்குத் தலைவரான மாவட்ட ஆளுநர் என அனைவருக்கும் அந்த ஓராண்டுதான். 1905-இல் சிகாகோவில் பால் ஹாரிஸ் தொடங்கிய ரோட்டரியும், 1917-இல் அதே சிகாகோவில் மெல்வின் ஜோன்ஸின் முயற்சியால் உருவான லயன்ஸ் என்னும் அரிமா சங்கமும் இந்த முறையைத்தான் உலகெங்கும் பின்பற்றுகின்றன. பதவி ஒருவர் கையிலேயே தங்கிவிடக் கூடாது என்பது இதன் நோக்கம். முப்பது ஆண்டுகளாக ஒரே குடும்பத்தின் பிடியில் இருக்கும் சபாக்களையும் குடியிருப்போர் சங்கங்களையும் கண்ட சென்னைவாசிகளுக்கு இதன் அருமையை நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால், இதே ஏற்பாட்டின் விளைவாக ஒவ்வொரு ஜூலையிலும் சங்கத்துக்கு ஒரு மறதி வந்துவிடுகிறது. போன ஆண்டு என்ன செய்தோம் என்பது போன தலைவரின் கணக்காகிவிடுகிறது.

இதை நான் நேரில் கண்டது சென்ற மாதத்தில்தான். இவ்வாண்டுக்கான பணிகளை முடிவு செய்யும் கூட்டத்தில், கோடம்பாக்கம் பக்கத்தில் உள்ள ஒரு மாநகராட்சிப் பள்ளிக்குக் குடிநீர் சுத்திகரிப்பு இயந்திரம் வழங்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. அந்தப் பள்ளிக்கு முன்பே கொடுத்திருக்கிறோமே என்ற எண்ணம் எனக்கு எழுந்தது. உறுதியாகச் சொல்ல முடியாததால், நானும் இன்னொரு உறுப்பினரும் மறுநாள் காலையில் பள்ளிக்கே போனோம். அங்கே இயந்திரம் இருந்தது. ஒன்றல்ல, மூன்று இருந்தன. முதலாவது, மாடிப்படிக்கு அடியில் நீலத் தார்ப்பாய் போர்த்திக் கிடந்தது. சுவரில் 2016-17 என்று கல்வெட்டு. இரண்டாவது, சத்துணவுக் கூடத்தின் வாசலில் இருந்தது. அதன் கல்வெட்டில் 2019-20. மூன்றாவது, தலைமை ஆசிரியர் அறைக்கு எதிரே, 2022-23. மூன்று கல்வெட்டிலும் எங்கள் சங்கத்தின் பெயர்தான். தலைவர் பெயர் மட்டும் வெவ்வேறு. அந்தக் கருங்கல் பலகைகளை ஆயா அன்றாடம் துடைப்பார் போலும், முகம் பார்க்கலாம் என்னும்படி பளபளத்தன. மூன்றாவது இயந்திரத்தின் குழாயைத் திருகிப் பார்த்தேன். காற்றுதான் வந்தது. பிள்ளைகள் வீட்டிலிருந்து கொண்டுவந்த தண்ணீர் பாட்டில்கள் வகுப்பறை வாசலில் வரிசையாக இருந்தன.

தலைமை ஆசிரியர் எங்களைக் குறை சொல்லவில்லை. நாற்காலி போடச் சொன்னார், காபி வரவழைத்தார். பிறகு, "ஃபில்டர் மாற்றணும்னு கல்வெட்டில் இருந்த பெயரை விசாரித்து, நம்பர் வாங்கிப் பேசினேன் அம்மா. நான் இப்போ தலைவர் இல்லை, முன்னாள் தலைவர், புதுத் தலைவரிடம் பேசுங்கள் என்றார். புதுத் தலைவர், அது போன வருஷத்து ப்ராஜெக்ட் ஆச்சே என்றார்" என்று சொன்னார். இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் காபி இறங்கவில்லை, ஏனெனில் அவர் பேசியதாகச் சொன்ன அந்த ஆண்டில் செயலாளர் நான்.

சென்னை ஆழ்துளைக் கிணற்று நீரின் உப்பும் கடினத்தன்மையும் வீட்டில் இத்தகைய இயந்திரம் வைத்திருக்கும் எவருக்கும் தெரியும். முன்னால் உள்ள வடிகட்டிகளைச் சில மாதங்களுக்கு ஒரு முறை மாற்றாவிட்டால் அழுக்கு உள்ளே போய், உப்பைப் பிரித்தெடுக்கும் சவ்வை அடைத்துவிடும். சவ்வு போய்விட்டால் இயந்திரம் வெறும் தகரப் பெட்டி. நாங்கள் கொடுத்த மூன்றுக்குமே பராமரிப்பு ஒப்பந்தம் போடப்படவில்லை. கம்பெனி கொடுத்த ஓராண்டு உத்தரவாதம் முடிந்ததும் ஒவ்வொன்றாக நின்றிருக்கின்றன. ஓய்வுபெற்ற வங்கி அலுவலர் என்ற முறையில் கணக்குப் பார்க்காமல் என்னால் இருக்க முடியாது. மூன்றாவது இயந்திரத்தை ஓடவைக்க மெக்கானிக் கேட்ட தொகை 6,800 ரூபாய். இவ்வாண்டுப் பதவியேற்பு விழாவில் நாங்கள் போர்த்திய சால்வைகளுக்கு அதைவிடக் கூடுதலாகச் செலவாகியிருக்கிறது. பழைய மூன்றும் கிடக்க, நாலாவதாக ஒன்று வாங்கத்தான் எங்கள் கூட்டத்தில் கைதட்டி வரவேற்றோம்.

இதையெல்லாம் படித்துவிட்டு, வாரக் கூட்டம் என்று கூடிச் சாப்பிட்டுக் கலைவதைத் தவிர இவர்கள் வேறென்ன செய்கிறார்கள் என்று யாரும் நினைத்தால் அது நியாயமாகாது. தியாகராய நகரில் ஓர் ஓட்டல் மாடியில் எங்கள் கூட்டம் நடக்கிறது. தலைவர் மணியடிப்பார், தமிழ்த்தாய் வாழ்த்து, பிறந்தநாள், திருமணநாள் கண்டவர்களுக்கு வாழ்த்து, செயலாளர் அறிவிப்பு, சிறப்பு விருந்தினர் உரை, நன்றியுரை. தாமதமாக வருபவருக்கும், கூட்டத்தின் நடுவே கைப்பேசி ஒலித்தவருக்கும் அபராதம் உண்டு, அந்தப் பணமும் நற்பணிக்கே போகும். இந்த ஒழுங்கை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன், ஆனாலும் சங்கம் உண்மையில் நடப்பது அதற்குப் பிந்தைய சாப்பாட்டு மேசையில்தான். பாரிமுனை இரும்பு வியாபாரி, வடபழனி பல் மருத்துவர், அச்சக உரிமையாளர், ஆடிட்டர், பள்ளித் தாளாளர் என்று வேறெங்கும் ஒரு மேசையில் உட்கார வாய்ப்பில்லாதவர்கள் அங்கே உட்காருகிறார்கள். 2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டபோது, எந்தத் தீர்மானமும் இல்லாமல், இரும்பு வியாபாரியின் லாரியில் தாளாளரின் பள்ளிச் சமையற்கூடத்துச் சாப்பாடு முடிச்சூர் போய்ச் சேர்ந்தது அந்த மேசையில் ஏற்பட்ட பழக்கத்தால்தான். (பெண்களை உறுப்பினராகச் சேர்க்க அரிமா சங்கம் 1987-இலும் ரோட்டரி 1989-இலும்தான் வழிவிட்டன. நான் சேர்ந்தபோது எங்கள் சங்கத்தில் பெண்கள் இருவர். இருவரையும் வரவேற்பு மேசையில் சந்தனக் கிண்ணத்தோடு உட்கார வைத்தார்கள். அது தனிக் கதை.)

அதே மேசையில் முளைத்த இன்னொரு பணிக்குக் கல்வெட்டே கிடையாது. எங்கள் உறுப்பினர் ஐவரின் தொலைபேசி எண்கள் அக்கம்பக்கத்து வீடுகள் பலவற்றில் இருக்கின்றன. யாரேனும் இறந்துவிட்டால், நள்ளிரவானாலும் அழைப்பு வரும். கருவிழியை ஆறு மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும் என்பதால், கண் வங்கிக்குச் சொல்லிவிட்டு, அவ்வீட்டாரிடம் நாங்கள் தொலைபேசியிலேயே சொல்வோம்: மின்விசிறியை நிறுத்துங்கள், இமைகளை மூடி அவற்றின் மேல் ஈரப் பஞ்சு வையுங்கள், தலைக்கு இரண்டு தலையணை கொடுத்து உயர்த்துங்கள். கண் வங்கிக்காரர்கள் வந்தால் கால் மணி, இருபது நிமிடத்தில் முடித்துவிடுவார்கள். கண்ணாடி போட்டவர், கண்புரை அறுவை செய்துகொண்டவர் கொடுக்கலாமா என்று அழுகையின் நடுவிலும் கேட்பார்கள். கொடுக்கலாம் என்று சொல்ல, உடன் ஒருவர் இருந்தால் போதும். இந்தப் பணி ஒன்பது தலைவர்களைக் கடந்து நடக்கிறது. ஜூலை 1 அன்று அந்த ஐந்து எண்களும் மாறுவதில்லை என்பதுதான் காரணம்.

சங்கங்கள் பெரிதாகச் சாதித்தவற்றைப் பார்த்தாலும் இதுவே தெரிகிறது. 1925-இல் ஹெலன் கெல்லர் அரிமாக்களின் மாநாட்டில் பேசி, பார்வையற்றவர்களுக்குத் துணை நிற்கும்படி கேட்டுக்கொண்டார். அன்று ஏற்ற பணியை அவர்கள் நூறாண்டாகியும் விடவில்லை. ரோட்டரி 1985-இல் போலியோ ஒழிப்புத் திட்டத்தைத் தொடங்கியது. இயற்கையாகப் பரவும் போலியோ வைரஸால் இந்தியாவில் வந்த கடைசிப் பாதிப்பு 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தில் பதிவாயிற்று. உலக சுகாதார நிறுவனம் நம் தென்கிழக்கு ஆசிய மண்டலத்துக்குப் போலியோ ஒழிந்தது என்று சான்று வழங்கியது 2014 மார்ச் 27 அன்று. இடைப்பட்ட இருபத்தொன்பது ஆண்டுகளில் ரோட்டரியின் உலகத் தலைவர் ஆண்டுதோறும் மாறினார், வேலை மாறவில்லை. அதில் பெரும்பங்கு அரசுக்கும் செவிலியர்களுக்கும் அங்கன்வாடிப் பணியாளர்களுக்கும் உரியது என்பதை மறுக்கவில்லை. சொட்டு மருந்து நாட்களில் எழும்பூர் நிலையத்தில் பனிக்கட்டிப் பெட்டிக்குப் பக்கத்தில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். மருந்து வெப்பத்தில் கெட்டுவிட்டதா என்பதைக் காட்ட, குப்பியின் மேலுள்ள வட்டத்துக்குள் இருக்கும் சிறு சதுரம் நிறம் மாறியிருக்கிறதா என்று பார்த்துச் சொல்வதும், மருந்து விழுங்கிய குழந்தையின் இடக்கைச் சுண்டுவிரலில் மை வைப்பதும் என் வேலை. பாண்டியன் எக்ஸ்பிரஸில் வந்திறங்கிய ஒரு தாய், மை வைத்த விரலைக் காட்டி, ஊரிலேயே போட்டாயிற்று என்று ஓட்டமாக ஓடியதும் நினைவிருக்கிறது. அந்த மேசையில் யார் தலைவர் என்று எவரும் கேட்டதில்லை.

எங்கள் இப்போதைய தலைவர் முப்பத்தாறு வயது இளைஞர். பள்ளியில் கண்டதை அடுத்த வாரக் கூட்டத்தில் நான் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. ஆனால் நேர்மையாக ஒன்று சொன்னார். மாவட்ட விருதுக்கான புள்ளிகள் புதிய திட்டங்களுக்குத்தான் கிடைக்கின்றன, பழைய இயந்திரத்துக்கு வடிகட்டி மாற்றினேன் என்று சொன்னால் எந்த நன்கொடையாளரும் பணம் தரமாட்டார், பத்திரிகையிலும் படம் வராது என்றார். முதலிரண்டுக்கும் நாங்கள்தான் வழி தேட வேண்டும். கம்பெனிகளைப் பொறுத்தவரை அவர் சொல்வது பாதிதான் சரி. 2013-ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 135-ஆம் பிரிவின்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் தம் மூன்றாண்டுச் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். தொடங்கிய ஆண்டு போக மேலும் மூன்று ஆண்டுகள் வரை நீளும் தொடர் திட்டங்களுக்கு அதன் விதிகளே இடம் தருகின்றன. இயந்திரத்தோடு மூன்றாண்டுப் பராமரிப்பையும் சேர்த்துக் கேட்க நாங்கள்தான் மறந்தோம். மூன்றாவதாக அவர் சொன்ன காரணத்துக்காகவே இக்கடிதத்தைத் தங்களுக்கு எழுதுகிறேன்.

படம் வரும் என்பதற்காக யாரும் சேவை செய்வதில்லை என்று நான் பொய் சொல்ல மாட்டேன். படத்துக்காகவும் செய்கிறோம், அதில் பெரிய பாவம் ஒன்றுமில்லை. பத்திரிகை எதைப் படம் எடுக்கிறதோ அதையே சங்கங்கள் மேலும் மேலும் செய்யும். எனவே, திறப்பு விழாப் படத்தோடு நில்லாமல், மூன்று ஆண்டுகளுக்கு முன் தங்கள் பக்கத்தில் வந்த ஒரு படத்தை எடுத்து, அன்று கொடுத்த கழிப்பறையோ தையல் இயந்திரமோ நூலக அலமாரியோ இன்று எப்படி இருக்கிறது என்று வாரம் ஒன்றாக வெளியிடக் கேட்டுக்கொள்கிறேன். நன்றாக ஓடினால் அந்தச் சங்கத்துக்கு அதைவிடப் பெரிய விருது இல்லை. ஓடாவிட்டால், கல்வெட்டில் பெயருள்ள முன்னாள் தலைவர்கள் மறுநாளே மெக்கானிக்கோடு போய் நிற்பார்கள். எங்கள் ஆட்களை எனக்குத் தெரியும்.

எங்கள் சங்கத்தில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். ஆகஸ்ட் முதல் வாரக் கூட்டத்துக்குத் தேவையான மூன்றில் ஒரு பங்கு உறுப்பினர் வராததால் தீர்மானம் தள்ளிப்போயிற்று. அடுத்த வாரம், வராதவர்களைத் தலைவரே தொலைபேசியில் அழைத்து வரவழைத்தார். நாலாவது இயந்திரம் வேண்டாம் என்று முடிவாயிற்று. மூன்றாவது ஓடத் தொடங்கிவிட்டது. இரண்டாவதன் உதிரிபாகங்கள் அதற்குப் பயன்பட்டன. முதலாவதைக் காயலான் கடைக்கு அனுப்பலாமா என்று பள்ளி மாநகராட்சிக்கு எழுதிக் கேட்டிருக்கிறது. இனி நாங்கள் வைக்கும் பலகைகளில் தலைவர் பெயருக்குக் கீழே சங்கத்தின் நிரந்தரத் தொலைபேசி எண்ணும் இருக்கும். தலைவர் பெயரே வேண்டாம் என்று நான் சொல்லிப் பார்த்தேன், வாக்கெடுப்பில் தோற்றேன்.

தாங்கள் இந்த யோசனையை ஏற்றால், முதற்படமாக எங்கள் பள்ளிக் குழாயையே எடுத்துக்கொள்ளலாம். வடிகட்டி மாற்ற வேண்டிய அடுத்த தேதி டிசம்பர் 10 என்று இயந்திரத்தின் பக்கவாட்டில் எழுதி ஒட்டியிருக்கிறோம். அதற்கு ஒரு வாரம் கழித்து, எங்களுக்குச் சொல்லாமலே தங்கள் நிருபரை அனுப்பிவையுங்கள். பள்ளியின் முகவரியைத் தனித்தாளில் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத ஓர் உறுப்பினர்,
மேற்கு மாம்பலம், சென்னை.