ஆலை இருந்தது, கதவைத்தான் அடைத்து வைத்தார்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரண்டாம் உலகப் போர்க் கால விளையாட்டுகள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ரசித்துப் படித்தேன். அமெரிக்க பேஸ்பால் பற்றித் தமிழில் யாராவது எழுதுவதே அபூர்வம். ஆனால் செயின்ட் லூயிஸ் பிரவுன்ஸ் அணியின் 1944ஆம் ஆண்டு வெற்றியை, நட்சத்திரங்கள் எல்லாம் போருக்குப் போய், எதிரே ஆளே இல்லாததால் கிடைத்தது என்று சொல்லி, 'ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை' என்று ஒரே பத்தியில் முடித்துவிட்டார் கட்டுரையாளர். அந்தப் பழமொழியோடுதான் எனக்கு வழக்கு.

முதலில் ஒரு சின்னத் திருத்தம். ஒற்றைக் கை ஆட்டக்காரர் பீட் கிரே பட்டம் வென்ற அணியில் இருந்தார் என்று எழுதியிருக்கிறார். பேஸ்பாலின் இரண்டு பெரிய லீக்குகளில் ஒன்றான அமெரிக்கன் லீக்கின் பட்டத்தை பிரவுன்ஸ் வென்றது 1944இல். கிரே வந்தது அதற்கு அடுத்த ஆண்டு. அந்த ஆண்டு அணிக்கு மூன்றாம் இடம்தான்.

பிரவுன்ஸ் எப்பேர்ப்பட்ட அணி என்று தெரிந்தால்தான் 1944இன் ருசி தெரியும். 1902இல் செயின்ட் லூயிஸுக்கு வந்ததிலிருந்து ஒரு முறைகூடப் பட்டம் வாங்காத அணி அது. 1935இல் அதன் உள்ளூர் ஆட்டங்களுக்கு வந்த கூட்டம், சீசன் முழுவதற்கும் சேர்த்து, 80,922 பேர். ஆட்டத்துக்குச் சராசரியாக ஆயிரம் பேர் சொச்சம். காலணியில் முதலிடம், சாராயத்தில் முதலிடம், அமெரிக்கன் லீக்கில் கடைசி இடம் என்று அந்த ஊர்க்காரர்களே தங்கள் ஊரைக் கேலி செய்து கொள்வார்கள். நொந்துபோன உரிமையாளர் டொனால்ட் பார்ன்ஸ் அணியை லாஸ் ஏஞ்சலிஸுக்குக் கொண்டுபோய்விட எல்லா ஏற்பாடும் செய்துவிட்டார். மற்ற உரிமையாளர்கள் கூடி வாக்களிக்க வேண்டிய நாள் 1941 டிசம்பர் 8. முந்தின நாள் பேர்ல் ஹார்பரில் குண்டு விழுந்தது. அதோடு அந்தத் திட்டம் காலி.

போர் வந்ததும் இங்கிலாந்தில் கிரிக்கெட்டின் கவுன்ட்டி சாம்பியன்ஷிப்பை நிறுத்திவிட்டார்கள். 1946இல்தான் அது மறுபடி தொடங்கியது. அமெரிக்காவில் அதிபர் ரூஸ்வெல்ட் வேறு மாதிரி யோசித்தார். 1942 ஜனவரியில் பேஸ்பால் ஆணையர் லாண்டிஸுக்கு அவர் எழுதிய கடிதத்தில், ஆட்டம் தொடர்வதே நாட்டுக்கு நல்லது, பகல் ஷிப்ட் தொழிலாளிகள் பார்க்கும்படி இரவு ஆட்டங்களைக் கூட்டினால் இன்னும் நல்லது என்றார். ஆனால் படையில் சேரும் வயதுள்ள ஆட்டக்காரர்கள் விதிவிலக்கில்லாமல் போயாக வேண்டும் என்பதும் அதே கடிதத்தில் உண்டு. போனார்கள். ஜோ டிமாஜியோ, டெட் வில்லியம்ஸ், பாப் ஃபெல்லர், ஹாங்க் கிரீன்பர்க் என்று பெரிய பெயர்கள் எல்லாம் ராணுவச் சீருடையில். பெரிய லீக்குகளிலிருந்து மட்டும் 500 பேருக்கு மேல் படைக்குப் போனார்கள்.

ஆகவே கட்டுரையாளர் சொல்வதில் பாதி உண்மை. பிரவுன்ஸிடம் இழப்பதற்குப் பெரிய நட்சத்திரங்கள் இல்லை. இருந்தவர்களில் பலர் மருத்துவப் பரிசோதனையில் 4-எஃப் முத்திரை வாங்கி ராணுவத்துக்கு ஆகாதவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்கள். ஷார்ட்ஸ்டாப் இடத்தில் ஆடிய வெர்ன் ஸ்டீபன்ஸுக்கு முழங்கால் கோளாறு. ஜார்ஜ் மெக்வின்னுக்கு முதுகு.

ஆனால் எதிரே யாருமே இல்லை என்பது சரியல்ல. கடைசி நாள் வரை துரத்தியது டெட்ராய்ட் டைகர்ஸ். அந்த அணியின் ஹால் நியூஹவுசர் அந்த ஆண்டு 29 வெற்றி, டிஸ்ஸி டிரவுட் 27 வெற்றி. இரண்டே பிட்சர்கள் (பந்து எறிபவர்கள்) சேர்ந்து 56 ஆட்டங்களை ஜெயித்துக் கொடுத்த அணியை எதிர்த்து, 9 தொடர் வெற்றிகளோடு சீசனைத் தொடங்கிய பிரவுன்ஸ், 154 ஆட்டங்களின் முடிவில் ஒரே ஒரு வெற்றி வித்தியாசத்தில் முந்தியது. 89க்கு 88.

அந்த அணியின் ஆட்களைப் பாருங்கள். டென்னி கேல்ஹவுஸ் ஒஹையோ மாநிலத்தின் அக்ரான் நகரில் குட்இயர் விமானத் தொழிற்சாலையில் வாரம் ஆறு நாள் வேலை பார்த்தவர். சனிக்கிழமை வேலை முடிந்ததும் அணி எந்த ஊரில் இருக்கிறதோ அந்த ஊருக்கு ராத்திரி ரயில் ஏறுவார். ஞாயிற்றுக்கிழமை பந்து எறிந்துவிட்டுத் திரும்பி வந்து திங்கட்கிழமை வேலைக்குப் போவார். சீசனின் பிற்பகுதியில்தான் முழு நேரமாக அணியோடு சேர்ந்தார். செட் லாப்ஸும் ஆயுதத் தொழிற்சாலை வேலைக்கு நடுவேதான் ஆடினார்.

சிக் ஜக்குக்கி கதை இன்னும் வேடிக்கை. 1936இல் பிரவுன்ஸுக்காகச் சில ஆட்டங்களில் எறிந்து ஒன்றில்கூட ஜெயிக்காமல் காணாமல் போனவர். டெக்ஸஸில் கப்பல் கட்டும் தளத்தில் வேலையும் உள்ளூர் ஆட்டமுமாக இருந்தவரை 1944இல் திரும்பக் கூப்பிட்டார்கள். குடிக்குப் பேர்போனவர். அக்டோபர் 1, சீசனின் கடைசி நாள், நியூயார்க் யாங்கீஸுக்கு எதிராக எறிய வேண்டியவர் அவர்தான். முந்தின இரவு குடிக்கவே மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தாராம். காலையில் கையில் கிளாஸைப் பார்த்துக் கேட்டதற்கு, ராத்திரிக்குத்தானே சத்தியம் செய்தேன் என்றாராம். எவ்வளவு நிஜமோ, பேஸ்பால் எழுத்தாளர்கள் விடாமல் சொல்லும் கதை இது. கதை எப்படியோ, ஆட்டம் நிஜம். யாங்கீஸ் 2-0 என்று முன்னிலையில் இருந்தபோது, சீசன் முழுக்க அதுவரை மூன்றே ஹோம் ரன் (நம் கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி) அடித்திருந்த லாப்ஸ் அடுத்தடுத்து இரண்டு ஹோம் ரன் அடித்தார். ஸ்டீபன்ஸ் இன்னொன்று. 5-2. அதே நாளில் டிரவுட் வாஷிங்டனிடம் தோற்றார். யாங்கீஸோடு நடந்த கடைசி நான்கு ஆட்டங்களையும் பிரவுன்ஸ் ஜெயித்திருந்தது. அதில் ஒன்று பிசகியிருந்தாலும் கதை வேறு.

இரண்டு பெரிய லீக்குகளின் சாம்பியன்கள் மோதும் வேர்ல்ட் சீரிஸில் எதிரி அதே ஊர் கார்டினல்ஸ், மைதானமும் ஒன்றே. கார்டினல்ஸ் அங்கே பிரவுன்ஸுக்கு வாடகைதாரர். ஓர் அணி ஊரில் இருந்தால் மற்றது வெளியூரில் என்பதால் இரண்டு அணி மேனேஜர்களும், லூக் செவலும் பில்லி சவுத்வொர்த்தும், வீடு கிடைக்காத அந்தக் காலத்தில் ஒரே வீட்டை மாற்றி மாற்றிப் பயன்படுத்தி வந்தார்கள். இப்போது இருவரும் ஒரே நேரத்தில் ஊரில். ஒருவர் அதே கட்டிடத்தில் வேறு இடம் பார்க்க வேண்டியதாயிற்று. முதல் ஆட்டத்தில் இரண்டே ஹிட் அடித்து, மெக்வின்னின் ஹோம் ரன்னாலும் கேல்ஹவுஸின் எறிதலாலும் பிரவுன்ஸ் 2-1 என்று ஜெயித்தது. மூன்று ஆட்டம் முடிந்தபோதும் முன்னிலை அவர்களுக்குத்தான். அப்புறம் ஸ்டான் மியூசியல் இருந்த கார்டினல்ஸ் விடவில்லை, 4-2. பந்தைப் பிடிப்பதிலும் எறிவதிலும் பிரவுன்ஸ் அந்தத் தொடரில் 10 பிழை செய்தது, கார்டினல்ஸ் ஒன்றே ஒன்று.

சரி, பழமொழிக்கு வருகிறேன். ஆலை இல்லாத ஊர் என்பது அன்றைய அமெரிக்க பேஸ்பாலுக்குப் பொருந்தவே பொருந்தாது. ஆள் பஞ்சம் என்று சொல்லி 1944 ஜூனில் சின்சினாட்டி அணி ஜோ நக்ஸ்ஹால் என்ற 15 வயதுப் பையனை எறிய விட்டது. பிரவுன்ஸ் ஒற்றைக் கை மனிதரைக் கொண்டுவந்தது. கிரேயைக் குறைத்துச் சொல்லவில்லை. பஞ்சு எடுத்த கையுறையால் பந்தைப் பிடித்து, கையுறையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, பந்தை மார்பில் உருட்டி அதே கையால் எறிவார் அவர். அது பெரிய வித்தை. ஆனால் செயின்ட் லூயிஸ் இருக்கும் அதே மிசௌரி மாநிலத்தின் மேற்குக் கோடியில், கறுப்பின ஆட்டக்காரர்களின் கன்சாஸ் சிட்டி மோனார்க்ஸ் அணியில், சட்சல் பேஜ் எறிந்துகொண்டிருந்தார். இன்னொரு கறுப்பின அணியான ஹோம்ஸ்டெட் கிரேஸில் ஜாஷ் கிப்சன் அடித்துக்கொண்டிருந்தார். இவர்களைக் கூப்பிட ஒருவருக்கும் தோன்றவில்லை. காரணம் தோல் நிறம்.

கறுப்பர்களைச் சேர்க்கக் கூடாது என்று எழுதியோ எழுதாமலோ ஒரு விதியே கிடையாது என்று லாண்டிஸ் சொல்லிக்கொண்டிருந்தார். 1943 டிசம்பரில் பாடகர் பால் ராப்சன், கறுப்பர் பத்திரிகை உரிமையாளர்களோடு போய், அணி முதலாளிகள் கூட்டத்தில் நேரிலேயே பேசிப் பார்த்தார். ஒன்றும் நகரவில்லை. பிரவுன்ஸின் மைதானத்திலோ, 1944 வரை கறுப்பின ரசிகர்கள் நினைத்த இடத்தில் உட்காரக்கூட முடியாது. வலது பக்கக் கொட்டகைதான் அவர்களுக்கு. அந்தத் தடையை நீக்கியது பட்டம் வென்ற அதே சீசனில்தான் என்பதைக் கட்டுரையாளர் குறிப்பிட்டிருக்கலாம்.

அந்த ஆண்டு சிகாகோவில் நடந்த கறுப்பின ஆட்டக்காரர்களின் கிழக்கு - மேற்கு நட்சத்திர ஆட்டத்துக்கு 46,000 பேருக்கு மேல் வந்தார்கள். பிட்ஸ்பர்க்கில் நடந்த பெரிய லீக் நட்சத்திர ஆட்டத்துக்கு 30,000கூட வரவில்லை. ரசிகர்களுக்குச் சர்க்கரை எங்கே இருந்தது என்று தெரிந்திருக்கிறது.

கிப்சன் 1947 ஜனவரியில் 35 வயதில் இறந்தார். பெரிய லீக்கின் நிறத்தடையை உடைத்த ஜாக்கி ராபின்சன் களம் இறங்க அப்போது மூன்று மாதம் பாக்கி. பேஜ் 1951இல் அதே பிரவுன்ஸ் அணிக்கு வந்து சேர்ந்தார். 1952இல், 46ஐத் தொட்ட வயதில், 64 ஆட்டங்களை மட்டுமே ஜெயித்த அந்த அணிக்கு அவற்றில் 12 அவர் ஜெயித்துக் கொடுத்தது. 1944இல் அவருக்கு 38 வயது.

கட்டுரையாளர் அடுத்து எழுதுவதாக இருந்தால், மோனார்க்ஸ், ஹோம்ஸ்டெட் கிரேஸ் அணிகளின் போர்க்கால சீசன்களை எழுதச் சொல்லுங்கள். 1943, 1944 இரண்டு ஆண்டும் கிரேஸ் கறுப்பின லீக்குகளின் வேர்ல்ட் சீரிஸை வென்ற கதைக்கு ஒரு பத்தி போதாது.

அன்புடன்,
ஒரு வாசகர்,
திருநெல்வேலி