அடி விழுவதற்கு முந்தைய இரண்டு மணி நேரம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மருத்துவமனைத் தாக்குதல் பற்றிச் செய்தி வரும்போதெல்லாம் பேச்சு காவலர், கேமரா, தண்டனை என்பதோடு நின்றுவிடுகிறது. கிண்டி கலைஞர் நூற்றாண்டு உயர் சிறப்பு மருத்துவமனையில் 2024 நவம்பர் 13 அன்று புற்றுநோய் மருத்துவர் ஒருவரை நோயாளியின் மகன் கத்தியால் குத்தியபோதும் அப்படித்தான் நடந்தது. மெட்டல் டிடெக்டர் வேண்டாம் என்று யாரும் சொல்லப்போவதில்லை. ஆனால் கத்தியோடு வருபவர் அபூர்வம். கேசுவால்டியிலும் ஐ.சி.யூ. வாசலிலும் அன்றாடம் நடப்பது வேறு: சட்டையைப் பிடிப்பது, கெட்ட வார்த்தை, முகத்துக்கு நேரே செல்போனை நீட்டிப் படம் எடுப்பது, டிரிப் ஸ்டாண்டைத் தூக்குவது. இதையெல்லாம் எந்தக் கருவியும் வாசலில் பிடிக்காது. இதைத் தடுக்கும் வேலை அடி விழுவதற்கு ஓரிரு மணி நேரம் முன்பே உள்ளே நடந்திருக்க வேண்டும்.

எலி பேஸ்ட் தின்று வருபவரை எடுத்துக்கொள்வோம். அதிலுள்ள மஞ்சள் பாஸ்பரஸ் முதல் நாள் வாந்தியும் வயிற்றெரிச்சலும் தரும். அது அடங்கியதும் ஓரிரு நாள் ஆள் தேறிவிட்டதுபோல எழுந்து உட்கார்ந்து இட்லி சாப்பிடுவார். மூன்றாம் நாள் வாக்கில் கல்லீரல் கெடத் தொடங்கும். கண் மஞ்சளாகும், ரத்தம் உறையாது. இதற்கென்று முறிமருந்து கிடையாது. பாராகுவாட் களைக்கொல்லி குடித்தவரும் இப்படித்தான். சிறுநீரகமும் நுரையீரலும் உள்ளே கெட்டுக்கொண்டிருக்கும்போதும் நினைவு தப்பாமல் பேசிக்கொண்டிருப்பார். வீட்டார் கண்ணால் பார்ப்பதோ, நன்றாகப் பேசியவர் ஒரு ஊசிக்குப் பிறகு போய்விட்டார் என்பதை மட்டும்தான். ‘ஊசி போட்டுக் கொன்னுட்டீங்க’ என்ற கூச்சல் இங்கேதான் பிறக்கிறது. போதாததற்கு, பாராகுவாட் கேஸில் ஆரம்பத்தில் தேவைக்கு மேல் ஆக்சிஜன் வைத்தால் நுரையீரல் சேதம் கூடும். இதை முன்கூட்டிச் சொல்லாவிட்டால் ‘ஆக்சிஜன்கூட வைக்கல’ என்று அன்று மாலையே வீடியோ சுற்றும். பிரசவ வார்டில் இது இன்னும் வேகமாக நடக்கும். நிறைமாதத்தில் கருப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டர் அளவுக்கு ரத்தம் ஓடுகிறது. குழந்தை பிறந்த பின் கருப்பை சுருங்காவிட்டால், சிரித்துப் பேசிய தாய் ஒரு மணி நேரத்துக்குள் உயிருக்குப் போராடுவார்.

எனவே, ‘இப்போது நன்றாகத்தான் தெரிவார், ஆபத்து மூன்றாம் நாளுக்கு மேல்’ என்ற வாக்கியம் அட்மிஷன் அன்றே சொல்லப்பட்டு, நேரத்தோடு கேஸ் ஷீட்டில் எழுதப்பட்டு, உறவினரின் கையெழுத்தும் வாங்கப்பட வேண்டும். இது பல இடங்களில் நடக்கிறது. தவறுவது அடுத்த கட்டத்தில். பகலில் கேட்டுக்கொண்ட அண்ணன் வீட்டுக்குப் போயிருப்பார், இரவில் ஊரிலிருந்து வந்த சித்தப்பாவுக்கு எதுவும் தெரியாது. குடும்பத்தில் ஒருவரைப் பொறுப்பாளராகக் குறித்து, அவர் பெயரையும் தொலைபேசி எண்ணையும் கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்திலேயே எழுதிவைத்தால் இது பாதி தீரும். கேசுவால்டியில் நோயாளி வந்த 15 நிமிடத்துக்குள் முதல் தகவல், பிறகு அரை மணிக்கு ஒருமுறை என்று வைத்துக்கொள்ளலாம். புதிதாக எதுவும் இல்லாவிட்டாலும் போய்ச் சொல்ல வேண்டும். என்ன பிரச்சினை, இதுவரை என்ன செய்திருக்கிறோம், எதற்காகக் காத்திருக்கிறோம், அடுத்து எப்போது வந்து சொல்வோம்: இந்த நான்கும் போதும், இரண்டு நிமிடம் பிடிக்காது. பின்னால் வந்தவரை ஏன் முன்னால் உள்ளே எடுத்தார்கள் என்ற சண்டைக்கு, நோயின் தீவிரத்தைப் பொறுத்து யாரை முதலில் பார்ப்பது என்று பிரிக்கும் சிவப்பு, மஞ்சள், பச்சை வரிசையை எளிய தமிழில் எழுதிய பலகை ஒன்று கவுன்டர் பக்கம் இருந்தால் உதவும்.

மரணச் செய்தியைச் சொல்ல ஹவுஸ் சர்ஜனை (படிப்பின் கடைசியில் பயிற்சியிலிருக்கும் இளம் மருத்துவரை) அனுப்புவது எங்கும் நடக்கிற கொடுமை. சிகிச்சையைப் பார்த்த மூத்த மருத்துவர், உடன் ஒரு செவிலியர், எதிரே குடும்பத்தில் இரண்டு மூன்று பேர், எல்லோரும் உட்கார்ந்த நிலையில், கதவுக்குப் போகும் வழி இரு தரப்புக்கும் திறந்திருக்க வேண்டும். ‘இறந்துவிட்டார்’ என்ற சொல் முதல் இரண்டு வாக்கியத்துக்குள் வந்தாக வேண்டும். ‘முடிஞ்ச அளவு பாத்தோம்’ என்று நிறுத்தினால், கேட்பவர் இன்னும் பார்க்கச் சொல்லிக் கெஞ்சுவார், பிறகு கத்துவார். எம்.எல்.சி. (காவல் துறைக்குத் தெரிவிக்க வேண்டிய) கேஸ் என்றால், காவல் துறையின் விசாரணை முடியாமல் பிரேதப் பரிசோதனை நடக்காது, அதன் பிறகே உடல் கைக்கு வரும் என்பதையும் அதே இருப்பில் சொல்லிவிட வேண்டும். பிணவறை வாசலில் மறுநாள் நடக்கும் தகராறு பெரும்பாலும் இதைச் சொல்லாததால் வருவது.

நோயாளியே அடிப்பது தனி விஷயம். அதைக் குணக்கேடாகப் பார்ப்பதால்தான் இரு தரப்புக்கும் காயம். கால் முறிந்து சேர்ந்தவர் இரண்டாம் மூன்றாம் நாள் இரவில் கையில் மருந்து ஏற்றக் குத்தியிருக்கும் வென்ஃபிளான் குழாயைப் பிடுங்கிக்கொண்டு, இல்லாத பூச்சிகளைத் தட்டிக்கொண்டு, நர்ஸை அறைகிறார் என்றால் அது குடி நின்றதால் வரும் டெலிரியம், அதாவது மூளைக் குழப்பம். கடைசியாகக் குடித்த 48 முதல் 96 மணி நேரத்துக்குள் வருவது. ‘கடைசியாக எப்போது குடித்தார்’ என்று அட்மிஷனில் கேட்டு எழுதி, மருந்தைத் தொடங்கியிருந்தால் பெரும்பாலும் அந்த அறை விழுந்திருக்காது. திடீரென்று முரண்டுபிடிக்கும் எந்த நோயாளிக்கும் முதலில் குளுக்கோமீட்டர், பல்ஸ் ஆக்சிமீட்டர், காய்ச்சல், ரத்த அழுத்தம், கண்பாவை, சிறுநீர் அடைப்பு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். சர்க்கரை 40-க்கு இறங்கியவரைக் குடிகாரர் என்று நினைத்துக் கட்டிப்போட்டால் ஆளே போய்விடுவார். பேசுவது ஒருவராக இருக்கட்டும். இரண்டு கை நீளம் தள்ளி நின்று, தாழ்ந்த குரலில். நான்கு பேர் நான்கு பக்கம் அதட்டினால் குழம்பிய மூளை இன்னும் மிரளும். காஜ் துணியால் கட்டிலோடு கட்டுவது கடைசி வழி. குப்புறக் கட்டவே கூடாது. கட்டியவரைத் தனியே விட்டுப் போகவும் கூடாது, வாந்தி மூச்சுக்குழாயில் போய்விடும்.

சட்டம் இருக்கிறது. மருத்துவமனை வன்முறையைத் தடுக்கும் தமிழ்நாட்டின் 48/2008 சட்டம் மருத்துவர், செவிலியர், மாணவர் எல்லோருக்கும் பொருந்தும். ஜாமீனில் விட முடியாத குற்றம், 3 முதல் 10 ஆண்டு சிறை. சுவரில் பலகையும் தொங்குகிறது. ஆனால் புகார் எழுதும்போது அடிபட்டவர் தன் பெயரில் தனியாகப் போய் நிற்கிறார், மனுவில் இந்தச் சட்டத்தின் பெயரே இருப்பதில்லை, சாதாரண அடிதடிப் பிரிவோடு வழக்கு முடிகிறது, அல்லது இரவோடு இரவாகச் சமாதானம் பேசப்படுகிறது. 2024 ஆகஸ்டில், கொல்கத்தா ஆர்.ஜி.கர் மருத்துவமனையில் பெண் மருத்துவர் கொல்லப்பட்ட சம்பவத்துக்குப் பின், பணியிலிருப்பவர் தாக்கப்பட்டால் ஆறு மணி நேரத்துக்குள் நிறுவனத்தின் பெயரில் எஃப்.ஐ.ஆர். பதிவாவதற்கு நிறுவனத் தலைவரே பொறுப்பு என்று மத்திய சுகாதாரத் துறை சுற்றறிக்கை விட்டது. அதே வழக்கம் மாவட்ட, தாலுகா மருத்துவமனைகளிலும் வேண்டும். புகாரில் கையெழுத்து டீனோ கண்காணிப்பாளரோ போடட்டும். அடிபட்ட ஊழியருக்கும் மற்றவர்களைப் போலவே ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) என்ட்ரி போட வேண்டும். கேமராப் பதிவை அன்றே பிரதி எடுக்க வேண்டும், சில வாரங்களில் பழைய பதிவு தானாகவே அழிந்துவிடும்.

இதற்கெல்லாம் ஆள் எங்கே என்ற கேள்விதான் அடுத்தது. அது நியாயமான கேள்வி. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் தன் ஐ.சி.டி.-11 நோய் வகைப்பாட்டுப் பட்டியலில் பணிச் சோர்வுக்கு மூன்று அடையாளம் சொன்னது: சக்தி வற்றுவது, வேலையிலிருந்து மனம் விலகி எரிச்சலோடு நடந்துகொள்வது, செய்வது பயன்படவில்லை என்ற எண்ணம். இவற்றில் இரண்டாவதுதான் வார்டு வாசலில் வெடிக்கிறது. ‘வெளிய போங்க’, ‘டாக்டரைக் கேளுங்க’ என்று இரண்டு சொல்லில் முடிக்கிறவர் திமிர் பிடித்தவராக இருக்கத் தேவையில்லை. பதினோராவது மணி நேரத்தில் இருப்பவராக இருக்கலாம். போதனா மருத்துவமனைகளில் மூன்று நோயாளிக்கு ஒரு செவிலியர், அதற்கு மேல் விடுப்புக்கென 30 சதவீதம் கூடுதல் ஆள் என்பது இந்திய செவிலியர் மன்றத்தின் அளவு. நாற்பது படுக்கை வார்டில் இரவு இரண்டு பேர் இருந்தாலே பெரிது. மேற்படிப்புப் பயிற்சியிலிருக்கும் ரெசிடென்ட் மருத்துவர்களுக்குத் தொடர்ச்சியாக 12 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று மத்திய அரசு 1992-லேயே சொல்லிவிட்டது. 24 மணி நேர டியூட்டியும் அதற்கு மேல் நீள்வதும் இன்னும் சகஜம்.

அடிபட்டவரை அதே ஷிப்டில் அதே நோயாளியிடம் திருப்பி அனுப்புவதை உடனே நிறுத்தலாம், அதற்குச் செலவில்லை. அன்றே உட்காரவைத்து நடந்ததை முழுக்கச் சொல்லச் சொல்லி வற்புறுத்துவதும் உதவாது. வீட்டுக்குப் போகத் துணை, மறுநாள் சம்பளத்தோடு விடுப்பு, ஒரு மாதம் கழித்தும் தூக்கம் வராவிட்டாலோ அந்த வார்டுப் பக்கம் போகவே உடல் நடுங்கினாலோ மனநல மருத்துவர். ‘பாதுகாப்புக்காக’ என்று சொல்லி அடிவாங்கிய நர்ஸையே வேறு ஊருக்கு மாற்றுவது தண்டனைதான்.

தனியார் மருத்துவமனைகளில் சண்டை பில்லில் தொடங்குகிறது. அங்கே தினமும் மாலை அதுவரையான தொகையை எழுதிக் கொடுத்தாலே பாதி அடங்கும்.

அரசிடம் கேட்பது இது. ஒவ்வொரு வார்டிலும் ஒரு பதிவேடு வைக்க வேண்டும்: தேதி, நேரம், இடம், என்ன நடந்தது, அப்போது எத்தனை நோயாளிகள், பணியில் எத்தனை பேர். கெட்ட வார்த்தையும் மிரட்டலும்கூட அதில் ஏற வேண்டும். எழுதியவரிடம் விளக்கம் கேட்கக் கூடாது. கேட்டால் ஒரே மாதத்தில் பக்கங்கள் வெறுமையாகிவிடும். எந்த வார்டில், எந்த நேரத்தில் கூடுதல் ஆள் போட வேண்டும் என்பதை மாதக் கடைசியில் டீன் அதைப் பார்த்து முடிவு செய்யட்டும். சென்னையிலிருந்து ஆய்வுக்கு வரும் அதிகாரிகளும் அதைக் கேட்டு வாங்கிப் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
அவசர சிகிச்சைப் பிரிவு மருத்துவர்கள், செவிலியர்கள் சிலர்,
மதுரை.