நான்காவது செமஸ்டரை விலைக்கு வாங்கிய மாணவியின் மடல்

தமிழகத்தின் பல்கலைக்கழகங்களிலும் கல்லூரிகளிலும் உயிரித் தொழில்நுட்பம், உயிர்த்தகவலியல் துறைகளை நடத்தும் துறைத் தலைவர்களுக்கு,

வணக்கம்.

எம்.எஸ்சி. நான்காவது செமஸ்டரில் அப்பா 18,000 ரூபாய் கட்டி எனக்கொரு ப்ராஜெக்ட் வாங்கித் தந்தார். ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில் இருந்த ப்ராஜெக்ட் சென்டர் அது. நிலவேம்பில் உள்ள ஒரு வேதிப்பொருள் ஒரு புரதத்தோடு எப்படிப் பொருந்துகிறது என்று பார்க்கும் டாக்கிங் வேலை. மூன்று நாள் போனேன். மிச்சத்தை அவர்களே முடித்து, தங்க எழுத்துப் பொறித்த பைண்டிங்கோடு கொடுத்துவிட்டார்கள். வைவாவுக்கு வந்த எக்ஸ்டர்னல் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "மைனஸ் 8.4னு போட்டிருக்கே, மைனஸ் எதுக்கும்மா?" நான் தரையைப் பார்த்தேன். அது பிணைப்பு ஆற்றல், மைனஸ் கூடக்கூடப் பிணைப்பு வலு என்பதுகூட எனக்குத் தெரியாது. அவர் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனார். துறை அலமாரியில் பிறகு தேடிப் பார்த்தால் முந்தைய ஆண்டு அக்கா ஒருவருடைய ப்ராஜெக்டும் அதே தலைப்பு. மூலிகை மட்டும் கீழாநெல்லி.

இன்று முனைவர் பட்ட ஆய்வில் டிஎன்ஏ மெத்திலேற்றத் தரவுகளோடு, அதாவது டிஎன்ஏ மேல் ஒட்டி மரபணுக்களைத் திறந்து மூட உதவும் மெத்தில் குறிகளின் தரவுகளோடு, மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு டிசம்பரிலும் ஜூனியர்கள் போன் செய்து கேட்பது ஒன்றுதான்: "அக்கா, எந்த சென்டர் நல்லா பண்ணித் தருவாங்க?" அதனால்தான் இந்த மடல்.

"கருவி இல்லை, கெமிக்கல் இல்லை, ஃபண்ட் இல்லை" என்பீர்கள். ஆய்வுக்கூட வேலைக்கு அது உண்மைதான், மறுக்கவில்லை. இப்படிப்பட்ட குறிகளை ஆராயும் எபிஜெனெடிக்ஸில் பாதி வேலைக்கு அந்தச் சாக்கு செல்லாது. 2013இல் ஆய்வாளர் ஸ்டீவ் ஹார்வத் வெளியிட்ட 'வயதுக் கடிகாரம்' உங்களுக்குத் தெரிந்ததே. டிஎன்ஏவில் 353 இடங்களின் மெத்தில் அளவை வைத்து ஒருவரின் வயதைக் கணக்கிடும் முறை அது. அதற்காக அவர் ஊர் ஊராகப் போய் ரத்தம் எடுக்கவில்லை. 82 தரவுத்தொகுப்புகள், சுமார் 8,000 மாதிரிகள். பெரும்பகுதி மற்றவர்கள் பொதுக் களஞ்சியங்களில் போட்டு வைத்தவை. அமெரிக்காவின் 'ஜியோ' (GEO) மரபணுத் தரவுக் களஞ்சியம் 2000ஆம் ஆண்டிலிருந்து திறந்தே கிடக்கிறது. காசும் கேட்பதில்லை, கல்லூரிப் பெயரும் கேட்பதில்லை.

மடிக்கணினி தாங்குமா என்ற கேள்வி வரும். மெத்தில் அளவைக் காட்டும், 450கே என்று சொல்லப்படும் சிப் ஒரு மாதிரியில் 4,85,577 இடங்களை அளக்கிறது. பதப்படுத்தி வைத்த தரவை எடுத்தால் 100 பேருக்கும் சேர்த்து 400 எம்பிக்குள் அடங்கிவிடும். கல்யாண வீடியோ இதைவிடப் பெரிது. முழு மரபணுத்தொகையிலும் மெத்திலை எழுத்தெழுத்தாக அளக்கும் பைசல்ஃபைட் வரிசைத் தரவு வேறு கதை, அது சர்வரையே முழுங்கும். அங்கிருந்து தொடங்க வேண்டாம்.

ஒரு மாணவிக்கு என்ன கொடுக்கலாம்? ரத்தத்தில் ஏஹெச்ஆர்ஆர் மரபணுவில் cg என்று தொடங்கி 05575921 என்ற எண்ணைத் தாங்கிய ஓர் இடம் இருக்கிறது. புகைப்பவர்களிடம் அங்கே மெத்தில் அளவு குறைந்திருக்கும். புகைப்பழக்க விவரம் உள்ள ஒரு தொகுப்பை இறக்கி வரைபடம் போடச் சொல்லுங்கள், முதல் வாரமே தெரிந்துவிடும். அதோடு விட்டால் அதுவும் சென்டர் வேலைதான். புகைப்பவர்களில் பெரும்பாலோர் ஆண்களாக இருந்தால் நாம் பார்ப்பது புகையையா, ஆண் பெண் வேறுபாட்டையா? ரத்தத்தில் வெள்ளணுக்களின் கலவை ஆளுக்கு ஆள் மாறுமே, அதை எப்படிக் கழிப்பது? மாதிரிகள் எந்த சிப்பில் ஏற்றப்பட்டன?

கடைசிக் கேள்வியில் நானே விழுந்தேன். ஆய்வின் முதலாண்டில் நோயாளிகளுக்கும் மற்றவர்களுக்கும் 3,000 இடங்கள் வேறுபடுவதாகக் கண்டுபிடித்து, நடுராத்திரியில் கைடுக்கு மெயில் போட்டேன். காலையில் ஒரு வரி பதில் வந்தது: "சிப் நம்பரைப் பாரும்மா." ஒரு சிப்பில் 12 மாதிரிகள். நோயாளிகள் எல்லாரும் சில சிப்களில், மற்றவர்கள் வேறு சிப்களில். நான் அளந்தது நோயை அல்ல, சிப்பை. நான்கு மாத உழைப்பு போயிற்று. எம்.எஸ்சி.யில், 18,000 ரூபாய் செலவில்லாமல், கற்றிருக்க வேண்டிய பாடம் அது.

நம் ஊர்க் கேள்விகளும் காத்துக் கிடக்கின்றன. 1993இல் தொடங்கிய புனே தாய்மை ஊட்டச்சத்து ஆய்வு, எடை குறைந்து பிறக்கும் நம் குழந்தைகளுக்கு அந்த எடைக்கு மீறிய கொழுப்பு இருப்பதைக் காட்டியது. இதில் மெத்தில் குறிகளுக்குப் பங்கு உண்டா? ஜீனோம் இந்தியா திட்டத்தின் 10,000 பேரின் மரபணுத்தொகைத் தரவு இப்போது ஃபரிதாபாத்தின் உயிரியல் தரவு மையத்தில் இருக்கிறது. ஆனால் அது எழுத்து வரிசை மட்டும்; எந்த மரபணு திறந்திருக்கிறது, எது மூடியிருக்கிறது என்பதை அது சொல்லாது.

ஆகவே கேட்பது இதுதான். ப்ராஜெக்ட் சென்டர் சான்றிதழை ஏற்காதீர்கள். தலைப்பை மூன்றாவது செமஸ்டரிலேயே கொடுத்துவிடுங்கள். எதிர் பிளாக்கில் இருக்கும் புள்ளியியல் ஆசிரியரை இணைக் கைடாகச் சேருங்கள். கூப்பிட்டால் வருவார், யாரும் கூப்பிடுவதில்லை. வைவாவில் பைண்டிங்கைப் புரட்டாமல் கணினி நிரலை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். அறிவியல் அகாடமிகளின் இரண்டு மாதக் கோடை ஆய்வு உதவித்தொகை பற்றிய சுற்றறிக்கை உங்கள் மெயிலுக்குத்தான் வருகிறது, அதைப் பலகையில் ஒட்டுங்கள். என் வகுப்பில் ஒருவருக்கும் அது தெரிந்திருக்கவில்லை. ஜேஆர்எஃப் என்ற இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய் என்பதையும் பெற்றோர் கூட்டத்தில் சொல்லிவிடுங்கள்; பெண்ணை மேலே படிக்க வைக்கத் தயங்கும் அப்பாக்களுக்கு அந்த எண் புரியும்.

என் கணினி நிரல், பயிற்சிக் குறிப்புகள், விழுந்த இடங்கள் எல்லாவற்றையும் தருகிறேன். சனிக்கிழமைகளில் நேரில் வந்து உட்காரவும் தயார். பஸ் செலவு வேண்டாம், லேபில் ப்ரொஜெக்டர் மட்டும் வேலை செய்தால் போதும்.

இப்படிக்கு,
உங்கள் முன்னாள் மாணவிகளில் ஒருத்தி