ஹீமோகுளோபின்: பிடியை மட்டும் பேசினால் போதுமா?

ஆசிரியருக்கு,

சென்ற இதழில் ரத்தம் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் அருமை. ஆனால், ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமந்து செல்லும் புரதமான ஹீமோகுளோபின், அதை எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கிறதோ அவ்வளவு நல்லது என்ற பொருளில் ஒரு வரி இருந்தது. அதைக் கண்டும் காணாமல் விட மனம் வரவில்லை.

இறுக்கிப் பிடிப்பதுதான் பெருமை என்றால் தசையில் ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும் மையோகுளோபின் என்ற புரதமே போதுமே! ஆக்சிஜனின் அழுத்தம் வெறும் 2, 3 மி.மீ. (பாதரச அளவில்) இருந்தாலே அது பாதி நிரம்பிவிடும். ஹீமோகுளோபின் பாதி நிரம்ப ஏறத்தாழ 27 மி.மீ. வேண்டும். மையோகுளோபினை ரத்தத்தில் ஓடவிட்டால் நுரையீரலில் ஆக்சிஜனை வாரி ஏற்றிக்கொண்டு, திசுக்களுக்குப் போனதும் இறக்க மறுத்துவிடும்.

ஹீமோகுளோபின் அப்படிக் கஞ்சத்தனம் செய்வதில்லை. நுரையீரலில் அழுத்தம் சுமார் 100 மி.மீ.; அங்கே அதன் இடங்களில் 97 விழுக்காடு நிரம்புகிறது. ஓய்வில் இருக்கும் உடலின் திசுக்களில் அழுத்தம் 40 ஆகக் குறைய, 75 விழுக்காடு மிஞ்சுகிறது. அதாவது, ஏற்றியதில் கால் பங்குக்கும் சற்றுக் குறைவாகவே இறங்குகிறது. மிச்சம் கையிருப்பு. ஓடும்போதும் பளு தூக்கும்போதும் தசை அதைத்தான் எடுத்துக்கொள்கிறது. உழைக்கும் தசையிலிருந்து கார்பன் டை ஆக்சைடும் அமிலமும் வெளிப்படுகின்றன. அதன் சூடும் ஏறுகிறது. மூன்றுமே ஹீமோகுளோபினின் பிடியைத் தளர்த்துபவை. கார்பன் டை ஆக்சைடின் இந்த விளைவை டென்மார்க்கின் கிறிஸ்டியன் போர் தம் சகாக்களுடன் 1904-லேயே காட்டிவிட்டார். (அணு அமைப்பை ஆராய்ந்த நீல்ஸ் போரின் தந்தைதான் இவர்.) கட்டுரையில் அவர் பெயர்கூட இல்லை.

ஹீமோகுளோபின் மூலக்கூறு நான்கு துணையலகுகளால், அதாவது இரும்பு கொண்ட நான்கு பகுதிகளால் ஆனது. அவற்றில் ஒன்றின் இரும்பில் ஆக்சிஜன் அமர்ந்தால் மற்றவற்றிலும் அமர்வது எளிதாகிறது. ஒன்று கழன்றால் மற்றவையும் எளிதில் கழல்கின்றன. இந்த ஒத்துழைப்பைச் சொல்லாததால்தான் கார்பன் மோனாக்சைடு பற்றிய பத்தியும் அரைகுறையாக நின்றுவிட்டது. அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் வலுவாக ஒட்டிக்கொண்டு இடத்தை அடைத்துக்கொள்கிறது என்பது சரி. அதோடு முடிவதில்லை. அதே மூலக்கூறின் மற்ற இடங்களில் இருக்கும் ஆக்சிஜனையும் எளிதில் கழலவிடாமல் செய்துவிடுகிறது. ரத்தசோகையால் மெல்ல மெல்லப் பாதி ஹீமோகுளோபினை இழந்தவர் மூச்சு வாங்கிக்கொண்டாவது நடமாடுவார். பாதியைக் கார்பன் மோனாக்சைடு பிடித்துக்கொண்டவரோ நினைவிழந்து சாவின் விளிம்புக்குப் போய்விடுவார். கணக்குப்படி இருவருக்கும் இழப்பு ஒன்றுதான்.

இன்னொன்று. விரலில் மாட்டும் சாதாரண ஆக்சிமீட்டரால் இந்த நச்சு வாயு ஏறிய ஹீமோகுளோபினைப் பிரித்தறிய முடியாது. அதையும் ஆக்சிஜன் ஏறியதாகவே எண்ணி 98 என்று காட்டக்கூடும். மூடிய அறையில் கரி எரித்து மயங்கியவரின் விரலில் அந்த எண்ணைப் பார்த்து யாரும் நிம்மதி அடைந்துவிடக் கூடாது. கட்டுரையில் ஆக்சிமீட்டருக்கு ஒரு பெட்டிச் செய்தியே ஒதுக்கியிருந்தீர்கள். இந்த எச்சரிக்கையை அடுத்த இதழில் அதே அளவு பெட்டியில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உயிரியல் ஆசிரியர் ஒருவர்