வலிக்குளிசையோடு மலமிளக்கியையும் எழுதிக் கொடுங்கள்

ஆசிரியருக்கு,

சத்திரசிகிச்சைக்குப் பிறகு துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போது சிலருக்கு ட்ரமடோல், கோடீன் போன்ற ஓபியொயிட் (அபினைப் போல் வேலை செய்யும்) வலிக்குளிசைகள் சில நாட்களுக்குக் கொடுக்கப்படுகின்றன. மூன்றாம் நாள் வயிறு இறுகியதும் குளிசையை நிறுத்திவிட்டு வலியைப் பல்லைக் கடித்துப் பொறுப்பவர்கள் அநேகம். வலியோடு கிடப்பவர் இருமவும் மாட்டார், எழுந்து நடக்கவும் மாட்டார். சளி நெஞ்சில் தங்கும்; காலில் இரத்தம் கட்டியாகும் ஆபத்தும் கூடும்.

இக்குளிசைகள் குடலின் அசைவை மந்தமாக்குகின்றன. மலம் குடலில் நெடுநேரம் தங்க, அதிலுள்ள நீர் உறிஞ்சப்பட்டுக் கல்லாகிறது. இவற்றால் வரும் வாந்தியும் தூக்கமும் சில நாளில் உடம்புக்குப் பழகிவிடும். மலச்சிக்கல் மட்டும் பழகாது. ஆகவே மலமிளக்கியை முதல் வலிக்குளிசையோடு அன்றே தொடங்க வேண்டும். பொதுவாகப் பெரியவர்களுக்கு இரவில் சென்னா இரண்டு குளிசை, அல்லது பிசக்கொடில் 5 முதல் 10 மில்லிகிராம். இரவில் எடுத்தால் காலையில் வேலை செய்யும். பிசக்கொடிலைப் பாலோடு விழுங்கக் கூடாது, உடைக்கவும் கூடாது. மேற்பூச்சு இரைப்பையிலேயே கரைந்து வயிற்றை முறுக்கும். லக்டுலோஸ் பாணி என்றால் 15 மில்லிலீட்டர் இரு வேளை; பலன் தெரிய இரண்டு நாள் ஆகலாம்.

கப்பல் வாழைப்பழமும் பப்பாசியும் நல்லவைதான், ஆனால் தனியே போதா. நார்ச்சத்துத் தூளான ஈசப்கோலை நம்புவது இந்த இடத்தில் பிழை. அசையாத குடலில், அதுவும் திருகோணமலை வெயிலில் தண்ணீர் குறைவாகக் குடிப்பவருக்கு, அது அடைப்பை இன்னும் இறுக்கிவிடும். குடலில் சத்திரசிகிச்சை செய்தவர்கள் வைத்தியரிடம் கேட்காமல் எந்த மலமிளக்கியும் எடுக்கக் கூடாது. வயிறு ஊதி, வாந்தியும் வந்து, காற்றும் பிரியாவிட்டால் மலமிளக்கியை நிறுத்தி உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

இக்குளிசைகள் தரும் குமட்டல் அசைவில் கூடும். மூதூருக்கோ வெருகலுக்கோ பஸ்ஸில் திரும்புபவர் புறப்படும் நேரத்தில் குளிசை போடாமல், முன்னதாகவே சிறிது சாப்பிட்டுப் போட்டு ஓய்வெடுத்துவிட்டுக் கிளம்பலாம். வாந்திக்குக் கொடுக்கும் ஒண்டன்செற்றனும் மலத்தைக் கட்டும் என்பதை மறக்க வேண்டாம்.

இக்குளிசைகளால் அரிப்பு வந்தால் பாமசியில் பிரிட்டோன் என்னும் ஒவ்வாமைக் குளிசையை வாங்கிப் போடுகிறார்கள். அது தூக்கத்தின் மேல் தூக்கம். தூக்க மாத்திரையும் மதுவும் அதைவிட மோசம், இவை சேர்ந்தால் மூச்சே மந்தமாகும். தட்டி எழுப்பியும் எழும்பாவிட்டாலோ, நிமிடத்துக்குப் பத்துக்கும் குறைவாக மூச்சுவிட்டாலோ, உதடு நீலம் பாரித்தாலோ 1990 ஐ அழையுங்கள். மூச்சை முழு ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள். அம்புலன்ஸ் வரும்வரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் தேத்தண்ணி ஊற்றாதீர்கள். குறட்டை பலமாகக் கேட்பதால் நல்ல நித்திரை என்று எண்ணிவிடக் கூடாது. ஆறு முதல் எட்டு மணித்தியாலம் சிறுநீர் போகாமல் அடிவயிறு வீங்கினாலும் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். வயதான ஆண்களுக்கு இது அதிகம் நேரும்.

ஓபியொயிட்டின் அளவைக் குறைக்கும் மலிவான வழி பனடோல் (பரசிற்றமோல்). ஈரலில் நோயில்லாத, 50 கிலோவுக்கு மேற்பட்ட பெரியவர் 500 மில்லிகிராம் குளிசை இரண்டை ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை எடுக்கலாம். 24 மணித்தியாலத்தில் எட்டுக்கு மேல் கூடாது. கோடீன் கலந்த குளிசையில் பரசிற்றமோலும் இருந்தால் அதையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். இந்தக் கணக்குப் பிழைத்தால் ஈரல் கெடலாம்.

பாலூட்டும் தாய்மார் அதை வைத்தியரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும், கோடீன் தாய்ப்பாலில் கலக்கும். பிள்ளை வழக்கத்துக்கு மாறாக உறங்கி, பால் குடிக்க மறுத்தால் உடனே காட்டுங்கள்.

எமது வேண்டுகோள் சிறியது. ஓபியொயிட் எழுதும் துண்டிலேயே மலமிளக்கியையும், குளிசையை எத்தனையாம் நாளில் நிறுத்துவது என்பதையும், எந்த அறிகுறிக்குத் திரும்பி வருவது என்பதையும் வைத்தியசாலைகள் தமிழில் எழுதிக் கொடுக்கட்டும். மிஞ்சிய குளிசைகளை முழங்கால் வலிக்கென்று அயலவருக்குக் கொடுக்க வேண்டாம். வலிப்பு நோயுள்ளவருக்கோ மனச்சோர்வுக்கு மருந்தெடுப்பவருக்கோ ட்ரமடோல் ஆபத்தாகலாம், 12 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு அறவே கூடாது. மிஞ்சியவற்றைப் பாமசியில் திருப்பி எடுப்பார்களா என்று கேட்டுப் பாருங்கள், இல்லையேல் அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது கையோடு கொண்டுபோய்க் கொடுங்கள்.

மருந்தாளர்கள், தாதிய உத்தியோகத்தர்கள் சிலர்,
உவர்மலை, திருகோணமலை.