அக்காவின் இதயத்தில் ஓர் இடுக்கு

அன்புள்ள தண்டபாணி,

உன் கடிதம் தீபாவளிக்கு முன்பே வந்தது. இத்தனை நாள் என்னைத் திட்டித் தீர்த்திருப்பாய். கோமதியும் ஒத்து ஊதியிருப்பாள். மூட்டுவலி தேவலையா? சரி, அக்கா விஷயத்துக்கு வருகிறேன்.

அவளுக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் இருப்பது உனக்குத் தெரியும். நாடி தாறுமாறாக ஓடுவதால் இதயத்தின் இடது மேலறையை ஒட்டிய சின்னப் பையில் ரத்தம் தேங்கி உறைகிறது. வால்வுக் கோளாறு இல்லாதவர்களுக்கு அந்த மேலறையில் உருவாகும் ரத்தக்கட்டிகளில் சுமார் 90 சதவீதம் அங்கேதானாம். கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். உறைவைத் தடுக்கும் மாத்திரை கொடுத்தாலோ, இவளுக்குக் குடலில் ரத்தம் கசிகிறது. அதனால்தான் போன வருடம் பையின் வாயை வாட்ச்மேன் கருவியால் அடைத்தார்கள். மகராசி, பழையபடி அத்தானை அதட்டத் தொடங்கினாள்.

இப்போது உணவுக்குழாய் வழியாக எக்கோ எடுத்தால், கருவிக்கும் பையின் சுவருக்கும் நடுவே 6 மில்லிமீட்டர் இடுக்கு! பையின் வாய் நீள்வட்டம், கருவியோ வட்டம், முழுதாகப் பொருந்தவில்லை. 5 மில்லிமீட்டரைத் தாண்டினால்தான் கவலை என்று முன்பு சொல்வார்களாம். அதற்குக் குறைந்த இடுக்கு வழியாகப் பைக்குள் ரத்தம் கசிவதும் அவ்வளவு சாது இல்லை என்று பிறகு தெரிந்திருக்கிறது.

மறுபடியும் தொடைச் சிரை வழியாகக் குழாய் விட்டு, இரண்டு மேலறைகளுக்கும் நடுச்சுவரைத் துளைத்துப் போய், இடுக்குக்குள் மெல்லிய கம்பிச்சுருள்களைத் திணிப்பார்களாம். இல்லையென்றால் உலோக வலையால் ஆன சின்ன பிளக். விளிம்பை ரேடியோ அலையால் சுட்டு மூடுவதும் உண்டாம்.

"அடைத்தால் பக்கவாதம் வராதா?" என்று டாக்டரைக் கேட்டேன். "கசிவு குறையும். பக்கவாதமும் குறையும் என்று நோயாளிகளை இரு பிரிவாக்கி ஒப்பிட்ட ஆய்வு எதுவும் இன்னும் நிரூபிக்கவில்லை" என்றார். நேர்மையான மனிதர், என் தூக்கத்தைக் கெடுத்துவிட்டார். நிரூபணம் இல்லாத ஒன்றுக்காக எழுபத்திரண்டு வயதுக்காரியின் இதயத்தை இன்னொரு முறை துளைப்பதா? சும்மா விடலாம் என்றால் அம்மாவின் முகம் வருகிறது. பேச்சில்லாமல் அவள் கிடந்ததை நீயும் பார்த்தாய்.

அக்காவுக்கு இந்தக் குழப்பமெல்லாம் இல்லை. "செய்துவிடலாம், ஆனால் பேத்தி கல்யாணத்துக்குப் பிறகு" என்கிறாள். கல்யாணம் சித்திரையில். அதுவரை காத்திருக்கலாமா என்று உன் டாக்டர் மருமகனிடம் கேள். அறிக்கைகளின் நகல் இத்துடன் இருக்கிறது. பதில் கடிதம் எழுதி நாளைக் கடத்தாதே, போன் செய்.

உன்,
ராமநாதன்