டார்சி இல்லாத படங்கள்

அன்புள்ள கோமதி,

எட்டு மாதங்களாக எழுதாமல் இருந்ததற்கு மன்னித்துவிடு. நீ மீண்டும் மாடிப்படி ஏறுகிறாய் என்று தங்கை சொன்னாள், நிம்மதியாக இருந்தது. இன்று என்னை எழுத உட்கார வைத்தது நீ விரும்பும் ஆங்கில நாவலாசிரியர் ஜேன் ஆஸ்டின்தான்.

1813-இல் வெளிவந்த ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ நாவலை, ஆஸ்டின் மறைந்து பதினாறு ஆண்டுகளுக்குப் பிறகு, 1833-இல் லண்டன் பதிப்பாளர் பென்ட்லி படங்களுடன் வெளியிட்டார். ஓவியர் பிக்கரிங் வரைந்த அந்த இரண்டு படங்களையும் நேற்றுதான் பார்த்தேன். ஒன்றில் நாயகி எலிசபெத் தந்தையோடு பேசுகிறாள். மற்றொன்றில் டார்சியின் தாயுடன் பிறந்த லேடி கேத்தரினை எதிர்கொள்கிறாள். இரண்டிலும் டார்சி இல்லை! விடுதியில் விடிய விடிய நாம் படித்த காதல் கதைக்குக் காதலனையே வரையாமல் விட்டுவிட்டாரே என்று முதலில் கோபம் வந்தது. ஆனால் தங்கை லிடியாவுக்காக டார்சி செய்ததை மகள் தந்தைக்குச் சொல்லும் தருணம் முதல் படம். மற்றதோ, அவன் உன்னிடம் மணம் பேசினானா என்று லேடி கேத்தரின் அவளை அதட்டிக் கேட்கும் தருணம். இரண்டிலும் பேச்செல்லாம் அவனைப் பற்றியதுதான். எவ்வளவு நுட்பமான தேர்வு!

உடையில்தான் எனக்கு மனத்தாங்கல். நாவல் வெளிவந்த நாட்களில் இடைக்கோடு மார்புக்குச் சற்றுக் கீழே இருக்க, மெல்லிய மஸ்லின் அங்கிருந்து நேராக வழிந்தது. பிக்கரிங்கின் எலிசபெத்தோ 1830-களின் உப்பிய சட்டைக் கைகளும் இறுக்கிய இடையும் கொண்டவள். எலிசபெத்தின் உள்பாவாடையில் ஆறு அங்குலம் சேறு படிந்ததைச் சொன்ன ஆஸ்டின் உடைகளை விரித்து வர்ணிப்பதில்லை. அதனால் ஓவியர்கள் தம் விருப்பப்படி உடுத்திவிட்டார்கள்.

நீ கொண்டாடும் ஓவியர் ஹியூ தாம்சன் 1894-இல், ஜார்ஜ் ஆலன் வெளியிட்ட தங்க மயில் அட்டைப் பதிப்புக்கு 160 படங்கள் வரைந்தபோது, நாவல் காலத்து உடைகள் தொலைவிலிருந்து பார்க்கும் அழகைப் பெற்றுவிட்டன. அவருடைய கோடுகளின் துள்ளலை நானும் நேசிக்கிறேன். ஆனாலும் பாதிரியார் காலின்ஸ் எலிசபெத்தின் தோழி ஷார்லட்டிடம் மணம் பேசும் படத்தில் எனக்கு மனம் ஆறவில்லை. இருபத்தேழு வயதில், கையில் பணமில்லாமல், தலைக்கு மேல் ஒரு கூரை வேண்டும் என்பதற்காகவே அவரைச் சந்திக்கச் சந்துக்கு ஓடி வந்தவள் அவள். அந்தப் பயம் அழகிய தொப்பிகளுக்கும் பணிவான வணக்கங்களுக்கும் நடுவே கரைந்துவிட்டது என்றே நினைக்கிறேன்.

உன் அலமாரியிலிருக்கும் மறுபதிப்பில் அந்தப் பக்கத்தை எடுத்துப் பார். நான் சொல்வது தவறென்று தோன்றினால் உடனே எழுது.

அன்புடன்,
மீனா